மார்பில் வரும் மாற்றம்: புற்றுநோய்க்கு முந்தின படிகள்

(தோட்டத்து மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். கால் கடுக்கும், வீட்டில் அடுப்பு காத்திருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்புப் புற்றுநோய் என்ற பேரை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலாவதாக நிற்பது அதுதான். இன்றைக்கு நான் பேச வந்தது அதற்கு முன்னால் இருக்கிற கட்டத்தைப் பற்றி. கிளினிக்குக்குப் போய், ஊசியால் சதை எடுத்து, ரிப்போட் வந்த பிறகு சில பேரிடம் டொக்டர் சொல்கிறார்: "இது கேன்சர் இல்லை. ஆனா செல் கொஞ்சம் மாறியிருக்கு. தொடர்ந்து வரணும்." இந்த இடத்தில் நம்முடைய ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பகுதியார் "கேன்சர் இல்லை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். மற்றப் பகுதியார் "ஆனா" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்துடிச்சு, என் பிள்ளைக கதி என்ன" என்று சோறு தண்ணி இல்லாமல் அழுகிறார்கள். இரண்டு பேரும் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த "ஆனா" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை, எங்களுக்கு டொக்டர்மார் பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தபடி, உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் மார்பின் உள்ளமைப்பு. மலையிலே சின்னச் சின்ன ஊற்றுத் தண்ணி கான் வழியாக ஓடிச் சேர்ந்து பீலியில் விழுகிறதல்லவா, ஏறக்குறைய அப்படி. ஒவ்வொரு மார்பிலும் 15 முதல் 20 பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் பால் சுரக்கிற சிறு பைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அவற்றிலிருந்து மயிர்போல மெல்லிய குழாய்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, காம்பில் வந்து திறக்கின்றன. சுற்றிவர இருப்பதெல்லாம் கொழுப்பும் நாரும். குழாயின் கடைசி நுனி அந்தக் கொத்தோடு சேர்கிற இடம் இருக்கிறதே, கோளாறு பெரும்பாலும் ஆரம்பமாவது அங்கேதான். காம்புக்குப் பக்கத்திலே இருக்கிற பெரிய குழாயில் ஆரம்பமாவது குறைவு.

குழாயின் உட்பக்கத்தில் செல்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. உள்வரிசை பாலோடு சம்பந்தப்பட்டது. வெளிவரிசை குழாயைச் சுருக்கிப் பாலைத் தள்ளிவிடுகிறது. இந்த இரண்டு வரிசையையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. இந்தச் சவ்வை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்றைய பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான். சவ்வுக்கு உட்பக்கம் இரத்தக் குழாய் கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. சவ்வைத் தாண்டி வெளியே வந்தால் இரண்டும் உண்டு. ஒரு கெட்ட செல் நுரையீரலுக்கோ எலும்புக்கோ போக வேண்டுமானால் அந்தக் குழாய்களில் ஏறித்தான் போக வேண்டும். சவ்வு உடையாதவரை அதற்குப் பாதை இல்லை.

இப்போது ஒரு லயக் காம்பிராவை மனதில் வையுங்கள். அதுதான் பால் குழாய். காம்பிராவின் சுவர்தான் சவ்வு. வழக்கமாக நாலைந்து பேர் இருக்கிற காம்பிராவில் தீபாவளிக்கு மாமா வீட்டார், சித்தி வீட்டார் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? இடிபாடுதான். ஆனாலும் எல்லோரும் நம் ஆட்கள். கிழவி ஒரு முகம், பிள்ளை ஒரு முகம். சத்தம் போட்டாலும் யாரும் வீட்டை உடைக்கப் போவதில்லை. குழாய்க்குள்ளும் இப்படி நடக்கும். இரண்டு வரிசை நின்ற இடத்தில் மூன்று, நான்கு வரிசையாகச் செல்கள் பெருகிவிடும். பல வடிவச் செல்கள் கலந்திருக்கும். டொக்டர்மார் இதைச் சாதாரணப் பெருக்கம் என்கிறார்கள். இது இருக்கிற பெண்ணுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு, இல்லாத பெண்ணைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. கூடுதல்தான், ஆனால் இதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்த படிக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தேயிலையையே உதாரணமாக எடுக்கிறேன். விதைத் தேயிலை மலைக்குப் போனால் ஒரு செடி கரும்பச்சை, அடுத்தது வெளிர், ஒன்று பெரிய இலை, ஒன்று சின்ன இலை. வி.பி. மலைக்குப் போனால்? 2025 நட்ட மலையில் எந்தச் செடியைப் பார்த்தாலும் ஒரே இலை, ஒரே நிறம். ஏனென்றால் எல்லாம் ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டிய தண்டு. சாதாரணப் பெருக்கம் விதைத் தேயிலை மாதிரி, கலந்த கூட்டம். இரண்டாவது படியிலோ குழாய்க்குள் நிற்கிற செல்கள் வி.பி. மாதிரி ஆகிவிடுகின்றன. ஏதோ ஒரு செல் ஒழுங்கு மாறி, தன்னைப் போலவே பிரதி எடுத்துப் பிரதி எடுத்து, ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகளாகப் பெருக்கிவிடுகிறது. கண்ணாடியில் பார்க்கிற டொக்டருக்கு இந்த ஒரே மாதிரித்தனம்தான் அடையாளம். இதை ஒழுங்கு மாறிய பெருக்கம் என்று சொல்லலாம். ரிப்போட்டில் "அடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா" என்று இருக்கும். கூட்டம் இன்னும் சிறிது. காம்பிராவின் ஒரு மூலையைத்தான் பிடித்திருக்கிறது. சுவர் முழுசாக இருக்கிறது. இது புற்றுநோய் இல்லை.

இது எத்தனை பேருக்கு இருக்கும், என்ன ஆகும்? அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஆராய்ச்சியாளர்களான டூபோன்ட், பேஜ் என்ற இரண்டு பேரும் 1985இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மார்பில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று வந்த 3,303 பெண்களின் கதையைச் சராசரியாக 17 வருஷம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 100க்கு 70 பேருக்கு எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லை. ஒழுங்கு மாறிய பெருக்கம் இருந்தது 100க்கு 4 பேருக்குத்தான். அந்த 4 பேருக்கு மட்டும், பெருக்கமே இல்லாத பெண்களைவிடப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 5 மடங்குக்குக் கொஞ்சம் கூட. பிறகு வேறு இடங்களில் எடுத்த கணக்குகளிலும் நான்கு மடங்கு அளவில் வந்திருக்கிறது.

மடங்கு என்றவுடன் பயந்துவிடுகிறோம். ஆகவே இதை ஆளாக எண்ணிக் காட்டுகிறேன். இந்த மாற்றம் கண்ட 100 பெண்களை 25 வருஷம் தொடர்ந்து பார்த்தால் ஏறக்குறைய 30 பேருக்குப் புற்றுநோய் வருகிறது. ஏறக்குறைய 70 பேருக்கு வரவில்லை. ரிப்போட் வந்த அன்றே அழுது தீர்த்த அக்கா அந்த 70 பேரில் ஒருத்தியாக இருக்கலாம். கொப்பியைப் பெட்டிக்கடியில் போட்ட அக்கா 30 பேரில் ஒருத்தியாக இருக்கலாம். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் "தொடர்ந்து வரணும்" என்கிறார்கள். இன்னொரு விஷயம்: ஆபத்து சதை எடுத்த மார்பில் மட்டும் என்று நினைக்காதீர்கள். மற்ற மார்புக்கும் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது படி. ஒரே அச்சுச் செல்கள் மூலையை விட்டுக் காம்பிரா முழுக்க நிறைந்துவிட்டன. அடுத்த அறைக்கும் போய்விட்டன. ஆனாலும் சுவர் உடையவில்லை. இதற்கு ரிப்போட்டில் "டக்டல் கார்சினோமா இன் சிற்று" என்று எழுதுவார்கள், சுருக்கமாக டி.சி.ஐ.எஸ். "இன் சிற்று" என்றால் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு சொல்லைத் தயவுசெய்து ஞாபகத்தில் வையுங்கள். ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ரிப்போட் இங்கிலீசில் இருந்தது. கிளினிக்கில் பேசினது சிங்களத்தில். வீட்டுக்கு வந்து உயர்தரம் படிக்கிற மகனிடம் கொடுத்தாள். பையன் "கார்சினோமா" என்ற சொல்லை வாசித்தான், அகராதியைப் பார்த்தான், அழுதான். பக்கத்துச் சொல்லை அவனும் பார்க்கவில்லை. மூன்று மாசம் அந்த அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, சாகப் போகிறவளுக்கு எதற்குப் பஸ் காசு என்று. உண்மையில் அவளுக்கு இருந்தது சுவர் உடையாத நோய். பிறகு ஒரு வழியாகப் போய், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கதிர் வைத்து, இன்றைக்குப் பழையபடி கூடை போடுகிறாள். ஆகவே ரிப்போட்டைப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து அர்த்தம் கேட்காதீர்கள். பிள்ளைக்கு அது பாரம். என்னிடமோ, நம்முடைய மிட்வைஃப் நோனாவிடமோ கொண்டுவாருங்கள். கிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

டி.சி.ஐ.எஸ். எல்லாமே ஒரே வேகத்தில் போவதில்லை. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மெதுவான சாதி. செல்கள் சின்னது, அமைதியானது. பத்து, இருபது வருஷம் அப்படியே கிடந்தாலும் கிடக்கும், சுவரை உடைக்காமலே போனாலும் போகும். மற்றது முரட்டுச் சாதி. செல்கள் பெரிதாக, கோணல்மாணலாக, வேகமாகப் பெருகும். குழாயின் நடுவே நெரிசலில் செத்தும் விழும். அந்தச் செத்த இடத்தில் சுண்ணாம்பு படிகிறது. மெமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில் கோதுமை மாவைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிவது அதுதான். மெதுவான சாதிதான் வயது போனபின் முரட்டுச் சாதியாக மாறுகிறது என்று நினைக்கத் தேவையில்லை, பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு வழியில் வருகிறவை. நான் முன்னே சொன்ன ஒழுங்கு மாறிய பெருக்கம் மெதுவான சாதியின் வழியில் நிற்கிற படி.

சுவர் எப்படி உடைகிறது என்று கேட்பீர்கள். குழாயின் வெளிவரிசைச் செல்கள் சவ்வைக் காவல் காப்பது மாதிரி நிற்கின்றன. நெரிசல் கூடக் கூட அந்த வரிசை மெலிந்து, இடைவெளி விழுகிறது. கெட்ட செல்கள் சவ்வைக் கரைக்கிற பொருளைச் சுரக்கின்றன. வெளியே இருக்கிற நார்ச் செல்களும் சில நேரம் துணை போகின்றன, வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் சுவரைக் குடைய, வெளியேயிருந்து இன்னொருவன் கல்லை இழுக்கிற மாதிரி. சுவர் உடைந்த நிமிஷத்திலிருந்து அது முழுப் புற்றுநோய். எந்த டி.சி.ஐ.எஸ். உடைக்கும், எது உடைக்காது என்று நிச்சயமாகப் பிரித்துச் சொல்லும் வழி இன்னும் வரவில்லை. அதனால் கண்டவுடன் வைத்தியம் செய்கிறார்கள். வைத்தியம் செய்தவர்களின் நிலை நல்லது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் கண்ட 1 லட்சத்து 8 ஆயிரம் அமெரிக்கப் பெண்களில் 20 வருஷத்துக்குள் மார்புப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேருக்குச் சற்று மேல். சாதாரணமாக முதுமை நம்மை எடுப்பதுதான் இதைவிட அதிகம்.

கொத்துப் பக்கத்தில் வருகிற இன்னொரு வகை உண்டு. எல்.சி.ஐ.எஸ். என்று எழுதியிருப்பார்கள். பேரில் கார்சினோமா என்று இருந்தாலும் டொக்டர்மார் இதைப் புற்றுநோயாக எண்ணுவதில்லை, இரண்டு மார்புக்கும் எச்சரிக்கை மணி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் தவறாமல் கிளினிக் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிகள் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. வலியும் இருக்காது. வேறு கட்டிக்காகச் சதை எடுக்கும்போதோ, மெமோகிராம் எடுக்கும்போதோதான் அகப்படும். ஆனால் இரண்டு அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியலாம். ஒன்று, பால் கொடுக்காத காலத்தில், பிதுக்காமலே, ஒரே மார்பின் காம்பிலிருந்து இரத்தமோ தெளிந்த தண்ணியோ கசிவது. பலருக்கு அது குழாய்க்குள் வளர்கிற பாலுண்ணி மாதிரி ஒரு சின்ன வளர்ச்சியாக இருக்கும், ஆனாலும் காட்டத்தான் வேண்டும். இரண்டாவது, ஒரு பக்கக் காம்பு மட்டும் சொறிபோல உரிந்து, புண்ணாகி, மருந்துக்கு ஆறாமல் இருப்பது. நாம் என்ன செய்கிறோம்? "கொழுந்துச் சாக்கு உரசினது" என்று தேங்காயெண்ணெய் பூசுகிறோம். குழாய்க்குள் அடங்கின கெட்ட செல்கள் காம்புத் தோலுக்கு ஏறிவந்தால் இப்படித்தான் இருக்கும். கைக்குழந்தைக்காரிக்கு வருகிற வெடிப்பு வேறு, அது பிள்ளை சரியாகப் பிடித்துக் குடித்தால் ஆறிவிடும். பால் மறந்து வருஷக்கணக்கான பிறகு ஒரு காம்பு மட்டும் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால் டிஸ்பென்சரிக் களிம்போடு நிற்காதீர்கள்.

கைக்குத் தட்டுப்படுகிற கட்டிகளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் நார்க்கட்டி, விரல் பட்டால் வழுக்கி ஓடும். நாற்பதை ஒட்டினவர்களுக்கு நீர்க்கட்டி. மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து முண்டு முண்டாக இருப்பது பலருக்கும் உள்ளது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை நான் சொன்ன படிகளில் சேர்ந்தவையே இல்லை. ஆனால் எது எது என்று லயத்து வாசலில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல நமக்கு முடியாது.

இனி, நம் ஆட்கள் அதிகமாகக் கோபப்படுகிற இடம். "ஒரு தடவை ஊசி போட்டு எடுத்தாங்க, பத்தலையாம், மறுபடி பெரிய ஊசி போடணுமாம். இவங்களுக்கு வேலை தெரியல." இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டவர்கள் நம் டிவிஷனிலேயே உண்டு. காரணத்தைக் கேளுங்கள். முதலில் போடுகிற மெல்லிய ஊசி செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கிறது. காம்பிராவில் இருந்த ஆட்களை வெளியே கூப்பிட்டு முகத்தைப் பார்க்கிற மாதிரி. முகம் சரியில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் சுவர் உடைந்ததா இல்லையா என்று ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சுவரோடு சேர்த்து ஒரு துண்டைப் பார்த்தால்தான் தெரியும். பெரிய ஊசி அந்தத் துண்டை எடுக்கிறது. அதிலும் ஒழுங்கு மாறிய பெருக்கம் என்று வந்தால், சுற்றியுள்ள சதையையும் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், பக்கத்தில் மூன்றாவது படி ஒளிந்திருந்து ஊசிக்குத் தப்பியிருக்கலாம் என்பதற்காக. மூன்று தடவை கூப்பிட்டால் நோய் மூன்று மடங்காகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

"கத்தி பட்டா பரவிடும்" என்பது அடுத்த பேச்சு. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. முந்தின காலத்தில் நம் பெண்கள் புண் வெடித்து நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்போதே செல்கள் எங்கெங்கோ போய்விட்டிருக்கும். ஒப்பரேஷன் செய்தும் செத்துப்போனார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. பரவுவதும் பரவாததும் சவ்வு உடைந்ததா என்பதைப் பொறுத்தது. உடையாத நிலையில் கத்தி பட்டால் நோய் காம்பிராவோடு சேர்ந்து வெளியே போகிறது.

எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதையும், எரிகிற பச்சிலையைப் பத்துப் போடுவதையும் விட்டுவிடுங்கள். நூல் மந்திரித்துக் கட்டுகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். கட்டிக்கொண்டு கிளினிக்குக்கும் வாருங்கள்.

இந்தச் செல்கள் ஏன் ஒழுங்கு மாறுகின்றன? மாதா மாதம் பெண் உடம்பில் ஊறுகிற ஈஸ்ட்ரஜன் முதலான சுரப்புகள் குழாய்ச் செல்களைப் பெருகச் சொல்கின்றன. கரு தரிக்காவிட்டால் அவை திரும்ப அடங்குகின்றன. ஒவ்வொரு பெருக்கத்திலும் செல் தன் உள்ளே இருக்கிற எழுத்து முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். செக்ரோல் எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கே பேர் மாறிப்போகிறது, செல்லுக்கும் எப்போதாவது பிழை விழும். அநேகமானவற்றை உடம்பே திருத்திவிடும். தப்பித்த பிழைகள் வருஷக்கணக்கில் சேர்கின்றன. ஆகவே வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது. சின்ன வயதில் பெரிய பிள்ளையானவர்கள், மாதவிலக்கு பிந்தி நின்றவர்கள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள், தாயோ கூடப்பிறந்தவளோ இந்த நோய் கண்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தகப்பன் வழியிலும் வரும், அத்தைமாரையும் கணக்கில் சேருங்கள். சாராயமும் கசிப்பும் வாய்ப்பைக் கூட்டும். யார் குடிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தாய்ப்பால் கொடுப்பது வாய்ப்பைக் குறைக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் போட்ட கணக்கில், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் 100க்கு 7 பங்கும், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலதிகமாக 100க்கு 4 பங்குக்குச் சற்று அதிகமாகவும் குறைந்திருந்தது. பிள்ளை மடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டு மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுக்கிறீர்களே, அந்த நேரம் வீண் போகவில்லை. ஆனால் "நான் நாலு பெத்து நாலுக்கும் பால் குடுத்தவ, எனக்கு வராது" என்று யாரும் சொல்லாதீர்கள். குறைகிறது, இல்லாமல் போவதில்லை. பிள்ளை கடித்ததாலோ, தேயிலை வாது குத்தினதாலோ, கூடைக் கயிறு இழுத்ததாலோ இது வருவதில்லை. அடிபட்டுத் தடவிப் பார்க்கும்போது முன்பே இருந்த கட்டி கைக்குத் தெரிகிறது, அவ்வளவே. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது.

வாசலில் நிற்கிற ஐயாமார்களும் கேளுங்கள். மார்புப் புற்றுநோய் கண்ட 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண்பிள்ளை. சிரிக்க வேண்டாம். உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது வேறு. மனைவி கிளினிக் போகிற நாளில் பிள்ளைகளைப் பாருங்கள். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே, எதுக்கு திரும்பப் போற" என்று கேட்காதீர்கள்.

சில பேருக்கு, ஒழுங்கு மாறிய பெருக்கம் கண்ட பிறகு, டொக்டர் தமொக்சிபென் என்ற குளிசையைப் பற்றிப் பேசலாம். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்துக் கூடின 13,000க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, 5 வருஷக் கணக்கில் இந்தக் குளிசையைக் கொடுத்துப் பார்த்தபோது, குடித்தவர்களுக்குப் புற்றுநோய் வந்தது குடிக்காதவர்களில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் இரத்தம் கட்டுதல் மாதிரியான பக்கவிளைவுகளும் அதற்கு உண்டு. எல்லோருக்கும் உரியதில்லை. பக்கத்துக் காம்பிராக்காரிக்குக் கொடுத்த குளிசையில் நாலு கேட்டு வாங்கி விழுங்குகிற பழக்கம் நம் லயங்களில் இருக்கிறதே, அதை இதில் காட்டிவிடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்துகிற சுகவனிதையர் கிளினிக் 1996இல் நம் நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. நாம் வெல் வுமன் கிளினிக் என்று சொல்வது இதைத்தான். 35 வயதான பெண்கள் போக வேண்டும். அங்கே மார்பைக் கையால் பரிசோதிப்பார்கள், கருப்பை வாசல், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். காசு கிடையாது. சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளிலும் மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய் வைத்தியம் இலவசம். மாதம் ஒரு தடவை நீங்களே பாருங்கள், மாதவிலக்கு ஆரம்பித்து ஒரு கிழமை கழித்து. மாதவிலக்கு நின்றவர்கள் சம்பள நாளை வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாள் யாருக்கும் மறக்காது.

பேர் விழாது என்ற கவலையால்தான் பாதிப் பேர் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கிளினிக் திகதியை முதல் நாளே என்னிடம் சொல்லுங்கள். கங்காணியிடமும் வெளிக்கள ஐயாவிடமும் நான் பேசுகிறேன். "வயித்து வலி" என்று பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை.

(பேச்சு முடிந்தபின் ஆண்கள் வெளியே சென்றதும் பெண்கள் கேட்ட கேள்விகளில் இரண்டு:)

"எங்க அம்மாவுக்கு வந்திச்சு. எனக்கு 28 வயசு. 35 வரைக்கும் பொறுத்து இருக்கணுமா?"

வேண்டாம். 35 என்பது எல்லோருக்கும் பொதுவான வயது. உனக்கு அது கணக்கில்லை. இந்த மாதமே மிட்வைஃப் நோனாவிடம் சொல். அம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்பார்கள், வீட்டில் விசாரித்துக்கொண்டு போ. எந்த வயதிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று டொக்டர் அதை வைத்துத் தீர்மானிப்பார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி செல் மாறியிருக்குன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் போகல. இப்ப போனா ஏசுவாங்களா?"

ஏசினாலும் ஏசட்டும், ஐந்து நிமிஷம். கிளினிக் கொப்பி இருக்கிறதா? பெட்டிக்கு அடியில் தேடு. பழைய ரிப்போட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரியில் நம்பர் இருக்கும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நானும் வருகிறேன், சந்தியில் நில்.